ஹார்ட் டிஸ்கை விட்டு வெளியே வந்த லூர்து

ஜெசிந்தாவின் லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் சாகக் கிடந்த அந்த வைகாசி மாதத்தில், நங்கூரத் தெருவில் மீன் விற்றுக்கொண்டு வந்த சவுரியம்மா ஒரு வீட்டு வாசலில் கூடையை இறக்கி, சாளை மீனைக் கை நிறைய அள்ளிச் சட்டியில் போடப் போனவள் பாதியில் நிறுத்தி, யார் முகத்தையும் பாராமல், "லூர்து சிரித்தால் பல் தெரியாது, தொண்டைக்குழிதான் துடிக்கும், அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அறிய அவள் கழுத்தைப் பார்க்கவேண்டும்" என்று அச்சடித்த தமிழில் சொன்னாள். சொல்லி முடித்ததும் மிச்ச மீனையும் சட்டியில் போட்டாள். வாங்கிய பெண் "ஆமா, அவ அப்படித்தான் சிரிப்பா" என்றுவிட்டு, கூட ரெண்டு மீன் கேட்டாள்.

எதிர்வீட்டு முன்னறையில் கல்யாணப் பத்திரிகை ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த ஜெசிந்தாவின் விரல்கள் மட்டும் அப்படியே நின்றுவிட்டன. அது அவள் எழுதிய வாக்கியம். அவளைத் தவிர வேறு யாரும் படித்திராத வாக்கியம். அந்தப் பக்கம்தான் அன்று காலையில் எத்தனை முறை அழுத்தியும் திறக்கமாட்டேன் என்று அடம்பிடித்தது.

அந்தத் துறைமுக ஊரில் மனு, பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பயோடேட்டா என்று எது வேண்டுமானாலும் ஜெசிந்தாவிடம் வந்து அடித்து வாங்கிப்போவார்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்துப்போன அக்கா லூர்துவின் மகள், தகப்பனும் இல்லாத பெனிட்டாவைத் தூக்கிவந்து வளர்த்தாள். அவள் இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஊராருக்கு அடித்துக் கொடுத்தது போக மிஞ்சிய நேரத்தில், பல வருஷங்களாக, ஜெசிந்தா அக்காவின் கதையை எழுதிவந்தாள். அவள் பேருந்தில் கண்டக்டரோடு போட்ட சண்டை, கட்டுமரத்தின் மறைவில் காதலித்தது, கல்யாண ஜாக்கெட்டுக்குக் கை சரியில்லை என்று தையல்காரரை அழவைத்தது, இறால் கம்பெனியில் கூலி கூட்டிக் கேட்டு முதலாளியின் கார் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தது, கடைசியாக அவள் செத்துப்போன அந்தக் குளிரறை. எல்லாம் எழுதியிருந்தாள். பெனிட்டாவுக்கு ஒருநாள் கொடுக்கவேண்டும் என்று எண்ணியிருந்தாள். இன்னும் ஒரு பக்கம் சரியில்லை, இன்னும் ஒரு பக்கம் என்று கொடுக்காமலேயே இருந்தாள்.

லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருந்த தங்கமாரியப்பனிடம் போனாள். அவன் அதைத் திறந்து காதை வைத்துக் கேட்டான். உள்ளே யாரோ நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி அலுத்துக்கொள்வதுபோல ஒரு சத்தம்.

"டிஸ்க் போயிட்டு இருக்கு யக்கா. அங்கங்க பேட் செக்டர் விழுந்துட்டு, அந்த இடத்தைப் படிக்க முடியாது. இனி சும்மாச் சும்மா ஆன் பண்ணாதீங்க. வேற காப்பி வச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"ஒரு பென்டிரைவுல கூடவா போட்டு வைக்கல?"

"பென்டிரைவு கைமாறிப் போயிருமேன்னு பயம் தம்பி."

"அப்ப இதுல உசுரு இருக்கிற வரைக்கும் ஒவ்வொண்ணா உருவிப் பாப்போம். புதுசு ஒண்ணு எப்படியும் மாத்தித்தான் ஆகணும். எது வேணும்னு நிதானமா யோசிச்சுக்கிடுங்க."

அவன் உருவ உருவ டிஸ்க் கொடுத்ததைவிடக் கொடுக்காமல் விழுங்கியதுதான் அதிகம். விழுங்கிய பக்கங்களோ நங்கூரத் தெருவில் ஒவ்வொருவராகப் பார்த்துக் குடியேறின. ஆட்டோ ஓட்டும் ஜெபமணிக்கு அரை வாக்கியம்தான் கிடைத்தது. "அதற்குள் மழை வந்துவிட்டது" என்பது மட்டும். எதற்குள் மழை வந்தது என்று தெரியாமல் அவன் சவாரி ஏற்றுகிற ஆட்களிடமெல்லாம் விசாரித்து, தெருக்கோடியில் தன்னோடு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பா வீட்டில் மீதி இருப்பதாகக் கேள்விப்பட்டு, வெட்கத்தை விட்டுப் படியேறினான். சித்தப்பா முன்பாதியைச் சொல்ல, இவன் பின்பாதியைச் சொல்ல, சித்தி இருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கோயில் சாமியாருக்குக் கட்டுமரத்தின் மறைவு வந்து சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் நடுவே அவர் பலமுறை தண்ணீர் குடித்தார். பூசை முடிந்து ஜெசிந்தாவைத் தனியே கூப்பிட்டு, தரையைப் பார்த்தபடி, "நல்லாத்தான் எழுதியிருக்க பிள்ளை. கொஞ்சம் குறைச்சு எழுதியிருக்கலாம்" என்றார்.

தெரு இதைப் பெரிய அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிப்பதைப்போல, அலை உயர்ந்த மாதங்களில் கிணற்றுத் தண்ணீர் கரிப்பதைப்போல, இதுவும் வந்த ஒன்று என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தது. குழாயடியில் தண்ணீர் வருகிறவரைக்கும் வரிசையில் நின்ற பெண்கள் தங்கள் தங்கள் பக்கத்தைச் சொல்லி எது முன்னால் எது பின்னால் என்று வாதாடினார்கள். நல்ல பக்கம் வாய்த்தவர்களுக்குக் கல்யாண வீட்டில் முன்வரிசை நாற்காலி கிடைத்தது. பக்கம் எதுவும் வராத வீடுகளில் மனத்தாங்கல் உண்டானது. நம்ம வீட்டுல லூர்து கை நனைச்சதே இல்லையா, ஏன் வரல என்று ஒருத்தி ஜெசிந்தாவிடமே சண்டைக்கு வந்தாள்.

தையல்காரர் கொர்னேலியுஸ் வாழ்நாளில் ஒருவரையும் சிரிக்கவைத்ததில்லை. அவருக்குக் கல்யாண ஜாக்கெட் பக்கம் கிடைத்தது. அதில் லூர்து அவரைத் திட்டும் திட்டு அத்தனையும் இருந்தது. அவரே தன்னைத் திட்டிக்கொண்டு சொல்வதைக் கேட்கக் கடைவாசலில் கூட்டம் கூடியது. ஒருநாள் மத்தியானம் "கை வைக்கச் சொன்னால் காது வைத்துத் தைத்திருக்கிறீரே" என்கிற இடத்தில், ஜனம் சிரிக்கக் காத்திருக்கையில், அவருக்கு எல்லாம் மறந்துபோயிற்று. மறதி என்றால் சுவரிலிருந்து படத்தைக் கழற்றியதுபோன்ற மறதி, ஆணி அடித்த தடம்கூட இல்லை. அதே நேரத்தில் பஸ் ஸ்டாண்டு கடையில் தங்கமாரியப்பன், திரும்பத் திரும்ப முயன்றதில் ஒரு பக்கம் முழுசாகக் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான்.

கொர்னேலியுஸ் கழுத்தில் டேப்போடு ஓடிவந்து கடைக்குள் நுழைந்தார். "என் பக்கத்தை எடுத்தது எவம்ல?"

"நீங்க யாரு பெரியவரே?"

"திருப்பிக் குடுத்துரு. அது எனக்கு வந்தது."

விஷயம் புரியாத தங்கமாரியப்பன், பெரியவரின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்துப் பயந்து, காப்பி செய்ததை அழித்தான். வீடு போய்ச் சேர்வதற்குள் அவருக்கு எல்லாத் திட்டும் திரும்பி வந்துவிட்டது. இப்படித்தான் தெருவுக்கு அந்த விதி தெரியவந்தது. மெஷினில் இருந்தால் மனிதரிடம் இருக்காது. மனிதரிடம் இருந்தால் மெஷினில் இருக்காது.

கொஞ்ச நாள் கழித்து டிஸ்கின் அடியாழத்தில் இருந்த பக்கங்கள் வரத்தொடங்கின. அப்போது குழாயடியில் சத்தம் குறைந்தது.

அந்தக் குளிரறையில் நடந்தது தெருவுக்குத் தெரியாத விஷயம் இல்லை. இறால் கம்பெனி முதலாளி ரெஜினால்டு, வேலை செய்கிற பெண்கள் இடுப்பில் இறாலை மறைத்துக்கொண்டு போகிறார்கள் என்று சொல்லி, ஷிப்டு முடிகிறவரைக்கும் கதவை வெளியே பூட்டிவைக்கும் வழக்கம் வைத்திருந்தார். ஒருநாள் குளிரூட்டும் குழாய் வெடித்து அம்மோனியா கேஸ் கசிந்தது. லூர்தும் அவளோடு இன்னும் சில பெண்களும் உள்ளேயே இறந்தார்கள். தாமதமாகக் கதவைத் திறந்தபோது உயிரோடிருந்தவர்களில் ஒருத்தியான பிரகாசி இன்றைக்கும் நாலு வார்த்தை பேசினால் இருமுவாள். கதவு திறந்தேதான் இருந்தது, பெண்கள் பயத்தில் வழி தெரியாமல் தடுமாறிவிட்டார்கள் என்று விசாரணையில் எழுதினார்கள். தெருவில் வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்றார் ரெஜினால்டு, கோயில் கொடிமரத்துக்குப் பித்தளைத் தகடு போட்டுக்கொடுத்தார், தெரு வாயை மூடிக்கொண்டது. பெனிட்டா அப்போது நடை பழகிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று அவள் கேட்ட வயதில் எல்லாரும் ஒரே குரலில் விபத்து என்றார்கள்.

இப்போது அந்த நாள் துண்டுதுண்டாக ஒவ்வொருவர் தலைக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. பிரகாசிக்கு முதல் வாடை வந்த நொடி வந்தது. ஜெபமணியின் சித்திக்கு, ஈரத்துண்டால் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று லூர்து ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வந்தது. சிலர் தலைக்கு எண்ணெய் வைத்துப் பார்த்தார்கள், மந்திரித்த தண்ணீர் தெளித்துப் பார்த்தார்கள். பக்கம் அசையவில்லை. அது தானாக வாயைத் திறந்துகொண்டு வெளியே வருவதும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பதை அவரவருக்கே விட்டுவிட்டு அங்கேயே இருந்தது. அதுதான் அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் ரெஜினால்டு பழைய கம்பெனிக்குப் பக்கத்திலேயே புதுக் கம்பெனி கட்டி முடித்திருந்தார். சாமியார் வந்து மந்திரித்துத் திறந்துவைக்கும் அர்ச்சிப்புக்கு நாள் குறித்து, தெரு முழுவதற்கும் பிரியாணிச் சாப்பாடு என்று அறிவித்தாயிற்று. வேலைக்குப் பெண்கள் வேண்டும்.

ஒரு சாயங்காலம் அவரே ஜெசிந்தாவின் வீட்டுக்கு வந்தார். டிரைவர் பின்னால் ஒரு புதுப்பெட்டியைத் தூக்கிவந்து மேசைமேல் வைத்தான்.

"இருக்கிறதுலயே நல்ல லேப்டாப் ஜெசிந்தா. உள்ள எஸ்.எஸ்.டி. போட்டிருக்கு. உன் பழசு செத்துட்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"ஆமா முதலாளி."

"சென்னையில எனக்கு ஆள் இருக்கு. செத்த டிஸ்கையும் தோண்டி ஒரு எழுத்து விடாம எடுத்துருவான். எடுத்து இதுல ஏத்திக்கோ. செலவு என்னோடது. நீ இத்தனை வருஷம் உக்காந்து எழுதினது, மீன்காரி வாயிலயும் ஆட்டோக்காரன் வாயிலயும் கெடந்து சீரழியணுமா? உன் பொருள் உன்கிட்ட இருக்கட்டும்."

ஜெசிந்தா அந்தப் பெட்டியைப் பார்த்தாள். சொன்னவர் யார் என்பதை மறந்துவிட்டால், அவர் சொன்னது அவள் மனசில் ஏற்கெனவே இருந்த ஆசைதான். ஒவ்வொரு வரியையும் எழுதி அழித்து எழுதி அழித்து அடுக்கியவள் அவள். தெருவில் அவளது வாக்கியங்களை ஆளாளுக்கு இழுத்து நீட்டிச் சொல்வதைக் கேட்டுப் பல்லைக் கடித்தவளும் அவள்தான். முழுசாகத் தன் கையில், ஒரே இடத்தில், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்.

அவர் தண்ணீர் கேட்டார். கொடுத்த டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கை ஜிப்பாப் பைக்குள்ளேயே இருந்தது. வைகாசி வெயிலில் அந்தக் கையில் அவர் கம்பளி உறை மாட்டியிருப்பதை அப்போதுதான் அவள் கவனித்தாள்.

"உங்களுக்கு எந்தப் பக்கம் முதலாளி வந்தது?" என்றாள்.

அவர் டிரைவரை வெளியே நிற்கச் சொன்னார்.

"கதவு" என்றார். "கதவுல அவ கை வச்சிருக்கா. எழுதியிருக்கியே, உனக்குத் தெரியாதா? சாப்பிட உக்காந்தா அதுதான் வருது. இந்தக் கை மரத்துப்போகுது ஜெசிந்தா. எடுத்துரு. என்ன வேணும்னாலும் கேளு."

"அர்ச்சிப்பு முடியட்டுமே" என்று மட்டும் சொன்னாள் ஜெசிந்தா. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு அவர் போனார்.

வேலை முடிந்து வந்த பெனிட்டா பெட்டியைப் பார்த்தாள். ஜெசிந்தா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். அந்தப் பிள்ளை இந்த மாதம் முழுவதும் வேலை விட்டு நேரே வீட்டுக்கு வந்ததே இல்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி அம்மாவைக் கேட்டுக்கொண்டு வந்தாள். கொர்னேலியுஸ் கடையில் அம்மா திட்டுவதைக் கேட்டாள், சவுரியம்மாவிடம் அம்மா சிரிப்பதைக் கேட்டாள், பிரகாசி வீட்டில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று சிரித்துத் தன் தொண்டைக்குழியைப் பார்த்துக்கொள்வதை ஜெசிந்தாவே பார்த்திருக்கிறாள்.

"உனக்குக் குடுக்கணும்னுதான் எழுதினேன் மக்களே. முழுசா எடுத்தா உன் கையில முழுசாத் தரலாம். இல்லன்னா நீ வீடுவீடா அலையணும். ஒவ்வொருத்தரா செத்துப்போனா அவங்க பக்கமும் போயிரும். என்ன செய்யட்டும்?"

பெனிட்டா பெட்டியின் மேலிருந்த பளபளப்புத் தாளை விரலால் தடவினாள்.

"சித்தி, அம்மா ஒரு பெட்டிக்குள்ள அடைபட்டுக் கெடந்தது போதும். இப்பதான் வெளிய வந்து நாலு வீடு போயிட்டு வாரா. மறுபடியும் உள்ள வச்சுப் பூட்டணுமா?"

ஜெசிந்தாவுக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இருவரும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு, தெரு பார்க்கத் தெருவின் நடுவிலேயே நடந்து, பெரிய வீட்டுக்குப் போனார்கள். ரெஜினால்டு முன்னறையில் இருந்தார். "வேண்டாம் முதலாளி" என்று தரையில் வைத்தாள் ஜெசிந்தா. "உங்க பக்கம் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்க அக்கா இத்தனை வருஷம் என்கிட்ட இருந்தா, கொஞ்சநாள் உங்ககிட்ட இருக்கட்டும்."

"நான் யாருன்னு மறந்துட்டுப் பேசுத."

"மறக்காததுனாலதான் பேசுதேன்."

அடுத்த நாள் அவள் தங்கமாரியப்பன் கடைக்குப் போனபோது அவன் முகம் விழுந்துகிடந்தது. "இன்னைக்கோ நாளைக்கோ யக்கா. சென்னைக்கு அனுப்புனாத்தான் மீதிய எடுக்கலாம். அனுப்பட்டுமா?"

"வேண்டாம். நீ எடுத்து வச்சிருக்கிறதையும் அழிச்சிரு."

"அத்தனையுமா? ஏன் யக்கா, நீங்க எழுதினதுதான?"

"எழுதிட்டேன்ல. அது போதும். புது டிஸ்க் மட்டும் மாத்திக் குடு. காலியா."

அவன் இரண்டை எடுத்துக் கண்ணாடி மேசையில் வைத்தான். ஒன்று கனமாக இருந்தது. இன்னொன்று பிஸ்கட் பொட்டலம் அளவுகூட இல்லை.

"இந்தச் சின்னது எஸ்.எஸ்.டி. உள்ள ஒண்ணும் சுத்தாது, சத்தமே இருக்காது, பட்டுனு திறக்கும். எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க. நானும் இதைத்தான் சொல்லுவேன். ஒரே ஒரு குறை, இது போறதா இருந்தா பெரும்பாலும் சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். காலையில பாத்தா இருக்காது. இந்தப் பெருசு பழைய ரகம், மெதுவா ஓடும், கீழ விழுந்தா அடிபடும். ஆனா இதுல நெறைய பேரு சாவும்போது கத்திட்டுத்தான் சாவாங்க. நமக்கு முன்கூட்டியே தெரியும்."

டிஸ்கைப்பற்றி மனிதரைப் பேசுவதுபோலவே அவன் பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது. "கத்துறதையே குடு தம்பி."

"மெதுவா இருக்கும் யக்கா."

"எனக்கு என்ன அவசரம். கத்தினாப் போதும்."

மாட்டுவதற்கு முன்னால் பழைய டிஸ்கைக் கடைசியாக ஓடவிடச் சொன்னாள். கடையில் வேறு யாரும் இல்லை. ஷட்டருக்கு வெளியே பஸ்கள் திருச்செந்தூர், திருச்செந்தூர் என்று கூவிக்கொண்டிருந்தன. டிஸ்க் சொடுக்கியது, நின்றது, மறுபடி சொடுக்கியது, ஒரு நீண்ட இழுப்பு இழுத்தது, நின்றுபோயிற்று. தங்கமாரியப்பன் கையில் ஸ்க்ரூ டிரைவரோடு அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் இந்தத் தெருக்காரன் இல்லை, அவர்களுடைய கோயிலுக்குப் போகிறவனும் இல்லை, லூர்துவின் முகம்கூட அவனுக்குத் தெரியாது.

"யக்கா" என்றான். "கடைசி வரி எனக்கு வந்துட்டு."

"என்ன செய்யப்போற?"

"என்னிக்கு அர்ச்சிப்பு?" என்று கேட்டான் அவன்.

அர்ச்சிப்பு நாளன்று புதுக் கம்பெனி வாசலில் பந்தல் போட்டு, வாழை கட்டி, உள்ளே குளிரறைக் கதவுக்குக் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கதவு புதுசு, தடிமனான வெள்ளைக் கதவு. பழைய வழக்கம் மாறாமல் வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் பூட்டும் இருந்தன. அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. சாமியார் மந்திரித்த தண்ணீரோடு வந்தார். ரெஜினால்டு வலது கையை மடித்து வைத்துக்கொண்டு, இடது கையில் கத்திரிக்கோல் பிடித்திருந்தார். தெரு முழுவதும் வந்திருந்தது. யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொள்ளவில்லை என்றுதான் இன்றுவரைக்கும் எல்லாரும் சொல்கிறார்கள்.

கத்திரிக்கோல் ரிப்பனைத் தொடும் நேரத்தில் சவுரியம்மா முன்னால் வந்து, தலைச்சும்மாட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "லூர்து பிறந்த அன்றைக்குக் கடலில் எல்லா வலைமடியிலும் மீன் இருந்தது" என்று முதல் பக்கத்தின் முதல் வரியைச் சொன்னாள். அவள் நிறுத்திய இடத்தில் அடுத்தவள் எடுத்தாள், அவள் விட்ட இடத்தில் அதற்கடுத்தவன் எடுத்தான், ஒருவரின் கடைசி வார்த்தை அடுத்தவரின் முதல் வார்த்தையைக் கைபிடித்து இழுத்துக்கொண்டு வர, கண்டக்டர் தோற்றான், ஜெபமணி சொல்லி மழை வந்தது, கொர்னேலியுஸ் தன்னைத்தானே திட்டிக்கொள்ள பந்தல் முழுக்கச் சிரித்தது, சாமியார் மந்திரித்த தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு, காது சிவக்க, கட்டுமரத்தின் மறைவை ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார், பெனிட்டா தன் அம்மாவும் அப்பாவும் எப்படிக் காதலித்தார்கள் என்பதை ஊரறியக் கேட்டுக்கொண்டு நின்றாள், லூர்து கார் முன்னால் கால் நீட்டி உட்கார்ந்தாள், கூலி கூடியது, மறுமாதமே கதவில் பூட்டு ஏறியது.

பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் அதிகாரி கூட்டத்துக்குள் புகுந்தார். "என்ன நடக்குது இங்க? யாரு எழுதிக் குடுத்தது? எழுதினது எங்க, எடு."

"எழுதினது இல்ல சார்" என்றாள் ஜெசிந்தா. "டிஸ்க் செத்துப்போச்சு."

"பின்ன எதைப் பாத்துச் சொல்றாங்க?"

"எதையும் பாக்கல சார். நீங்களே பாருங்க."

அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்தார். எல்லாக் கையும் காலியாக இருந்தது. பறித்துக்கொள்ள ஒரு துண்டுத்தாள் கிடைக்காமல் அவர் பந்தல்காலில் சாய்ந்து நின்றுகொண்டார்.

பிரகாசி இருமிக்கொண்டே வாடை வந்த நொடியைச் சொன்னாள். இருமல் வந்த இடங்களில் எல்லாரும் பொறுத்து நின்றார்கள். ஜெபமணியின் சித்தி, லூர்து கூப்பிட்ட பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். இறந்தவர்களின் பெயர் வந்தபோது அவர்கள் வீட்டார் ஆஜர் சொல்வதுபோல "ஆங்" என்றார்கள். அப்புறம் கதவின் முறை வந்தது. அப்புறம் பேச்சு நின்றது.

அந்தப் பக்கம் யாரிடமும் இல்லை என்று தெரு அதுவரை நினைத்திருந்தது. ஜெசிந்தா ரெஜினால்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவள் பார்த்த இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். வெயில் ஏறியது. அண்டாக்களுக்கு அடியில் விறகு அணைந்தது. யாரும் உட்காரவில்லை, யாரும் வீட்டுக்குப் போகவும் இல்லை. கம்பெனி மேனேஜர் "சரி சரி, சாப்பாட்டுக்குப் போங்க" என்று கைதட்டிப் பார்த்தார். அந்தத் தட்டல் அவருக்கே கூச்சமாக இருந்திருக்கவேண்டும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பெனிட்டா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ரிப்பனுக்கு அடியில் குனிந்து நுழைந்து, அந்த வெள்ளைக் கதவில் தன் உள்ளங்கையை வைத்து நின்றாள்.

அதைப் பார்த்ததும் ரெஜினால்டின் கத்திரிக்கோல் கீழே விழுந்தது. அவர் வாயைத் திறந்தார். அவருடைய கனத்த குரலில், மேடைகளில் பேசிப்பேசிப் பழகிய அந்தக் குரலில், ஒரு பெண்ணின் பேச்சு வந்தது.

"கதவில் கை வைத்தேன். கை ஒட்டிக்கொண்டது. இழுத்தால் தோல் வரும் என்று தெரிந்தது, இழுத்தேன். மறு கையால் தட்டினேன். காலால் உதைத்தேன். வெளியே யாரோ நிற்கும் சத்தம் கேட்டது. முதலாளியிடம் கேட்காமல் திறக்கமுடியாது என்று அந்த ஆள் சொன்னான். கேட்டுவிட்டு வா என்றேன். அவன் ஓடினான். வீட்டில் பிள்ளை பால் குடிக்காமல் இருக்கும், கதவைத் திறங்க என்றேன். யாராவது கதவைத் திறங்க. யாராவது."

அவர் நிறுத்தினார். அடுத்து யார் என்று தெருக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டத்தின் பின்பக்கத்தில், யாருக்கும் சரியாகத் தெரியாத ஒரு பையன், சட்டைப்பையில் ஸ்க்ரூ டிரைவர் செருகியிருந்தவன், கையை உயர்த்தினான்.

"கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது" என்றான் தங்கமாரியப்பன். "அவ்வளவுதான். அதோட முடியுது."

சவுரியம்மா அதைத் திரும்பச் சொன்னாள். ஜெபமணி சொன்னான். கொர்னேலியுஸ் சொன்னார். விபத்து என்று ஒரு காலத்தில் சொன்ன வாய்கள் அத்தனையும், சாமியாரும், இருமலுக்கு நடுவே பிரகாசியும், பக்கம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரியும், கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது, கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்தது என்று சொல்லச்சொல்ல, பந்தல் துணி காற்று இல்லாமலே ஆடியது என்கிறார்கள். போலீஸ் அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு கேஸ் மறுபடி எடுக்கப்பட்டது. இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வாய்தாவுக்கு வாய்தா தெரு முழுவதும் வேன் பிடித்துப் போகிறது. வக்கீல் ஒருவரைச் சொல்லச் சொன்னால் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சலித்துக்கொள்கிறார்கள். ரெஜினால்டின் கை சரியாகிவிட்டதா என்று தெருவில் யாரும் விசாரிக்கவில்லை. ஜெசிந்தா புது டிஸ்கில் ஊராரின் மனுக்களை அடிக்கிறாள். வேறு எதையோ எழுதவும் ஆரம்பித்திருக்கிறாள், என்னவென்று கேட்டால் சொல்லமாட்டேன் என்கிறாள்.

ஆனால் அந்த நாளில் இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. சொல்லி முடித்த பிறகும் பெண்கள் கலையவில்லை. பிரகாசி பழைய கம்பெனிப் பக்கம் போய் ஒரு கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்தாள். பெனிட்டா ரிப்பனை அவிழ்த்தாள். கீல் ஒவ்வொன்றாக நெம்பியபோது, புதுக் கம்பெனியின் இஞ்சினியர் பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, கதவை எடுக்காதீங்க! கதவு இல்லன்னா குளிரு எல்லாம் வெளிய போயிரும்!"

சவுரியம்மா கதவின் ஒரு முனையைத் தோளில் தாங்கிக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டும் ஐயா" என்றாள். "குளிரு போனா திரும்ப உண்டாக்கிக்கலாம். வழி விடும்."